வீட்டு ரேடியோக்காரர்

அத்தியாயம் 14

கலியாணசுந்தரம் நல்ல மனிதர் என்பதில் இந்தக் குடும்பத்தைப் பதின்மூன்று வாரமாகப் பார்த்து வருகிறவர்களுக்குச் சந்தேகம் இருக்காது. புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்கள் எங்கள் சொல்லை நம்பலாம். ஆனால் நல்லவர்கள் செய்கிற தப்பு என்று ஒரு ஜாதி இருக்கிறது. வாய் நிறையத் திட்டவும் முடியாது, மறந்து தொலைக்கவும் முடியாது. அப்படி ஒன்றை அவர் மெர்டேக்கா என்னும் சுதந்திர நாளன்று விடியற்காலை ஐந்து மணிக்குச் செய்தார்.

அதற்கு முன் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

காஜா பேராங் சாலையில் 'கமலா ரேடியோ' என்று பலகை மாட்டிய கடை அவருடையது. முன்னால் கடை, பின்னால் வீடு. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அப்பாவும் அம்மாவும் ஜப்பான்காரன் காலத்தில் அடுத்தடுத்துப் போய்விட, தம்பி ஜெயபாலனைக் கையில் பிடித்துக்கொண்டு டவுனுக்கு வந்தவர். மரப்பெட்டி செய்து, உள்ளே சாமான்களைப் பூட்டி, வீட்டு ரேடியோ விற்றார். கிளேபாங்கிலிருந்து செமாபோக் வரைக்கும் எத்தனையோ வீட்டு மேசைகளில் அவர் பெட்டி பாடிக்கொண்டிருந்தது.

பெட்டிதான் அவருடையது. உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் சீமையிலிருந்து கப்பலில் வந்தது. வீட்டு மின்சாரத்தை வாங்கி, ரேடியோவுக்குத் தேவையான அளவில் பிரித்துக் கொடுப்பது அந்த டிரான்ஸ்பார்மர். அது படுத்தால் எல்லாம் படுத்தது.

சுதந்திரம் வரப்போகிறது என்றதும் ஊருக்கு ஊர் கூட்டம், கூட்டத்துக்குக் கூட்டம் மைக் செட்டு. தோட்டத்துச் சங்கங்கள், பள்ளிக்கூடங்கள், கோயில்கள் எல்லாரும் கமலா ரேடியோவைத் தேடி வந்து பெரிய ஆம்ப்ளிபயர் கேட்டார்கள். அதற்கான பெரிய டிரான்ஸ்பார்மருக்கு எழுதிப் போட்டால் கப்பல் வர நாலு மாசம். வந்ததும் நம் ஊர் வெயிலுக்கு ஒத்துவருமா என்றால் யாருக்கும் தெரியாது.

"டிரான்ஸ்பார்மருக்கு நாமளே கம்பி சுத்துவோம் அண்ணே," என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான் ஜெயபாலன்.

"நாம வீட்டு ரேடியோக்காரங்க தம்பி. ஒரு வீட்டுல பாட்டு நின்னா அந்த வீட்டுக்காரன் மட்டும் வந்து சத்தம் போடுவான். திடல்ல நின்னா ஊரே வரும்," என்று மூன்று வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார் அண்ணன்.

இதற்கு நடுவே சிங்கப்பூரில் ஒரு மின்சாரக் கம்பெனியிலிருந்து ஜெயபாலனுக்கு வேலைக் கடிதம் வந்தது. செப்டம்பர் இரண்டாம் தேதி திங்கட்கிழமை காலை வந்து சேர வேண்டும். தம்பி அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பதில் எழுதாமல் அலைந்தான். கடைசியில், போன வார அத்தியாயத்தில், சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அண்ணன் ஒரு வாக்குக் கொடுத்தார். மெர்டேக்கா அன்று காஜா பேராங் திடலில் வைக்கப்போகும் மைக் செட்டில் ஜெயபாலன் செய்த டிரான்ஸ்பார்மரையே பூட்டலாம். அது விழா முடியும்வரை நின்றால் இனிமேல் கமலா ரேடியோ சொந்தமாக டிரான்ஸ்பார்மர் சுற்றும், அவனும் இங்கேயே இருப்பான். நிற்காவிட்டால் அந்தப் பேச்சே வீட்டில் எழக்கூடாது. சரி என்றான் தம்பி.

மூன்று வாரம் வேலை நடந்தது. சண்டைக்காலத்துப் பழைய இரும்பில் தகடு வெட்டி அடுக்கினான் ஜெயபாலன். அண்ணி கமலவேணி தன் தையல் மிஷினின் சக்கரத்தைக் கழற்றி, அதில் அச்சு மாட்டி, தலைமுடி மாதிரிக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிச் சுற்றினாள். எண்ணிக்கை தவறினால் பிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சுற்றுவாள். பிறகு தகர டப்பிக்குள் இறக்கி, தார்போன்ற கீல் காய்ச்சி ஊற்றி மூடினார்கள். டப்பியைச் சீமைச் சரக்கின் அளவிலேயே அடிக்கச் சொல்லியிருந்தான் தம்பி. அதே திருகு, அதே துளை. பக்கத்தில் வைத்தால் எது எது என்று சொல்ல முடியாது.

இனிமேல்தான் இந்த வாரத்துக் கதை.

கமலா ரேடியோவில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பெட்டியும் கடையை விட்டுப் போகுமுன் ஒரு சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் பாட வேண்டும். தமிழ் ஒலிபரப்பு தொடங்கும்போது முடுக்குவார்கள். ஒலிபரப்பு முடியும்போது கலியாணசுந்தரம் டிரான்ஸ்பார்மர்மேல் உள்ளங்கையை வைப்பார். கை தாங்கினால் பெட்டி தேறியது, தாங்காவிட்டால் திரும்ப உள்ளே. பதினோரு வருஷமாக இந்தச் சோதனை அவரை ஏமாற்றியதில்லை. வீடுகளிலும் ரேடியோவை அவ்வளவு நேரம்தானே வைக்கிறார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் தம்பியின் டிரான்ஸ்பார்மருக்கும் அதே சோதனை நடந்தது. நாட்டுப்பாடல் முடிந்து செய்தி தொடங்குவதற்குள்ளேயே அவர் கை வைத்துப் பார்த்தார். வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

ஜெயபாலன் சிரித்தான். "சுடும் அண்ணே. பழைய இரும்பு, ஆரம்பத்துலயே சுடும். ஆனா அதுக்கு மேல ஏறாது. காலையில என்ன சூடோ, நாள் முழுக்க ஓட்டுனாலும் அதே சூடு. அதுக்குத்தான் கணக்குப் பண்ணி வெச்சிருக்கேன்."

பிறகு சீமையிலிருந்து வந்து இடைநிலைப்பள்ளி மண்டபத்துக்காகக் காத்திருந்த டிரான்ஸ்பார்மரையும் பூட்டிக் காட்டச் சொன்னார் அண்ணன். அது ஒலிபரப்பு முடியும்வரை பச்சைத் தண்ணீராகக் கிடந்தது. கூடத்தில் ஓடியது ஒரே ஒரு ஸ்பீக்கர், திடலில் எட்டுக் குழாய் ஸ்பீக்கர் கட்டப்போகிறார்கள், அப்போது இந்தச் சீமைச் சரக்கு தாங்காது என்று தம்பி சொன்னான். கலியாணசுந்தரம் தலையை ஆட்டினார். தலை ஆட்டியதே தவிர கை மறக்கவில்லை. பட்ட கை நம்புகிற விஷயத்தைக் காது கேட்டு மாற்ற முடியாது.

வெள்ளிக்கிழமை முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் முன்னால் புகை கிளம்பினால் தம்பி என்ன ஆவான்? சின்ன வயதில் தோட்டத்துப் பள்ளியில் பாட்டு மறந்து மேடையில் நின்றதற்கே ஒரு மாசம் பள்ளிக்குப் போகாமல் ஒளிந்தவன் அவன். பையில் சிங்கப்பூர்க் கடிதம் வேறு இருக்கிறது. இதையே திருப்பித் திருப்பி நினைத்து, நினைத்ததற்கு வழியும் கண்டுபிடித்துவிட்டார்.

சனிக்கிழமை விடியற்காலை ஜெயபாலன் குழாய்களைக் கட்டத் திடலுக்குப் போய்விட்டான். கமலவேணி அடுப்படியில் கோப்பிக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். கலியாணசுந்தரம் கடைக்குள் போய் ஆம்ப்ளிபயரின் மூடியைத் திறந்தார். நாலு திருகு, ஆறு கம்பி. தம்பி செய்ததைக் கழற்றிப் பலகை அடுக்குக்குப் பின்னால் தள்ளினார். சீமைச் சரக்கை அதே இடத்தில் பூட்டி மூடினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

அவர் மனசில் கெடுதல் இல்லை. செட்டு நாள் முழுக்க நிற்கும், பேர் தம்பிக்குப் போகும், அவன் சிங்கப்பூர் போக மாட்டான். அப்புறம் மெதுவாக ஏதாவது சொல்லி இந்தச் சுற்றுகிற பைத்தியத்தை விடவைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. எப்படி விடவைப்பது, நின்று காட்டியதை ஏன் விட வேண்டும் என்று அவன் கேட்டால் என்ன சொல்வது என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை. பாசம் பொங்கும்போது மனுஷன் அவ்வளவு தூரம் யோசிப்பதில்லை.

"பசியாறிட்டுப் போங்க," என்றாள் கமலவேணி. அவர் கோப்பியை மட்டும் குடித்துவிட்டு, செட்டைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

திடலில் நல்ல கூட்டம். தலைமுறைகளாக மலாய் பேசிப் பழகிய செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியிலிருந்து பெண்கள் கெபாயாச் சட்டையும் சரோங்குமாக வந்திருந்தார்கள். மலாய்க்காரர்களும் சீனர்களும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார்கள். விழாக் குழுவுக்குத் தலைவர் கம்போங் செட்டி அப்பாசாமி பிள்ளை. பேர்தான் நம் பேர். பேச்செல்லாம் அவருக்கு மலாய்தான். பழைய கடன்போல ஒன்றிரண்டு தமிழ்ச் சொல் நடுவில் வரும். ஜெயபாலன் தானே செய்த டிரான்ஸ்பார்மர் இது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவர் செட்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இந்த ஊரில் செய்த சாமானில் இந்த ஊருக்குச் சுதந்திரம் கேட்கப்போகிறது என்று மலாயில் எல்லாரிடமும் சொல்லி மகிழ்ந்தார். கலியாணசுந்தரம் குனிந்து ஒயரைச் சரிபார்த்தார்.

ஆறு மணிக்கு இசைத்தட்டு தொடங்கியது. எட்டுக் குழாயும் ஊரைத் தூக்கின. பிறகு கோலாலம்பூர் நேரடி ஒலிபரப்பை வாங்கிக் கொடுத்தார்கள். அங்கே மழையாம். விழா ஒரு மணி நேரம் தள்ளிப்போயிற்று. வர்ணனைக்காரர் மைதானத்தையும் குடைகளையும் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார், செட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

எட்டரை மணிக்கு ஜெயபாலன் மூடிக்குள் கையை விட்டான். முகம் சுருங்கியது.

"என்னமோ சரியில்லையே. காலையில ஆரம்பிச்சதும் தொட்டுப் பாத்தேன், குளிர்ச்சியா இருந்துச்சு. புது இடம், காத்து அடிக்குது, அதான்னு நெனச்சேன். இப்பப் பாருங்க, ஏறிக்கிட்டே போவுது. என்னோடது இப்படி நடக்கக் கூடாதே."

அந்த இடத்தில் கலியாணசுந்தரம் சொல்லியிருக்கலாம். அது உன்னுடையது இல்லை தம்பி என்று ஒரு வார்த்தை. தம்பி கோபித்திருப்பான், கடைக்கு ஓடியிருப்பான், பத்து நிமிஷத்தில் மாற்றியிருப்பான். கூட்டம் பொறுத்திருக்கும். இதைப் பிறகு எத்தனை தடவை அவர் நினைத்துப் பார்த்தாரோ, அத்தனை தடவையும் அந்தப் பத்து நிமிஷம் அவருக்குக் கிடைக்கத்தான் செய்தது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

"நாலு குழாயைக் கழட்டிடவா அண்ணே? பாரம் பாதியாக் கொறையும்," என்று கேட்டான் தம்பி.

நாலு குழாயைக் கழற்றினால் சாலையோரம் நிற்கிற பெண்களுக்கும் வயசானவர்களுக்கும் ஒன்றும் கேட்காது. ஜெயபாலன் செய்தது பாதிதான் தாங்கியது என்று பேச்சு வரும். இருப்பது சீமைச் சரக்கு, அது கைவிடாது என்று அவருக்குத் திடமான நம்பிக்கை. எல்லாம் சேர்ந்து அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"கழட்டாத. நீ செஞ்சதுதான, நிக்கும்."

ஜெயபாலன் அண்ணன் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். மூன்று வருஷமாக அவன் கேட்கக் காத்திருந்த பேச்சு அது. தலையை ஆட்டிவிட்டு, மூடியை மூடி, செட்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் நிற்பதைப் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளைக்குத் தோழன் நிற்பதுபோல இருந்தது. கலியாணசுந்தரத்தால் அவன் பக்கம் திரும்ப முடியவில்லை.

பிரகடனம் தொடங்கியது. திடலில் பிள்ளை அழுகிற சத்தம்கூட இல்லை. வாசித்து முடிகிற நேரம், எல்லாரும் கைகளை உயர்த்தத் தயாராக நிற்கிறார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. குழாய்கள் ஒரு தடவை கரகரத்தன. மூடியின் ஓட்டைகளிலிருந்து புகை வந்தது. கீல் உருகிக் கறுப்பாக மேசைமேல் ஒழுகியது. எட்டுக் குழாயும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிட்டன.

ஜெயபாலன் வெறுங்கையால் டப்பியைப் பிடித்துக் கம்பியைப் பிடுங்கினான். உள்ளங்கைத் தோல் தகரத்தோடு ஒட்டிக்கொண்டது. அண்ணன்தான் அவனை இழுத்து அப்பால் நிறுத்தினார்.

அந்த அமைதியில், முச்சந்தியில் இருந்த சீனர் கோப்பிக் கடையிலிருந்து ஒரு சின்ன ரேடியோ கேட்டது. மெல்லிய குரலில், தூரத்தில், மெர்டேக்கா என்று ஆயிரம் பேர் கத்துகிற சத்தம். கடையிலிருந்த அந்த ரேடியோ கமலா ரேடியோவில் செய்ததுதான். திடலில் பாதிப் பேர் அதை நோக்கி ஓடினார்கள். ஓடியவர்கள் போய்ச் சேர்வதற்குள் அங்கேயும் வேறு பேச்சு வந்துவிட்டது.

மீதிப் பேருக்கு அப்பாசாமி பிள்ளை நாற்காலிமேல் ஏறி, தானே கையைத் தூக்கி முழங்கினார். திடல் திருப்பிச் சொன்னது. அப்புறம் இறங்கி வந்து ஜெயபாலன் தோளைத் தட்டி, "தா அப்பா, பாலா. தா அப்பா," என்றார். பரவாயில்லை என்கிற அந்த இரண்டு மலாய்ச் சொல்லுக்கு யாராவது நாலு வசவு திட்டியிருந்தால் தேவலை.

டிஸ்பென்சரியில் கைக்கு மருந்து போட்டுத் துணி சுற்றி, அண்ணனும் தம்பியும் வீடு வந்தபோது மணி பதினொன்று. சாலையெங்கும் தோரணம். வழியில் ஒருவரும் கேலி செய்யவில்லை. ஒருவர்கூட ஏதும் கேட்கவுமில்லை.

ஜெயபாலன் கூடத்தில் உட்கார்ந்தான். சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, துணி சுற்றாத கையால் பிரித்து ஒரு தடவை படித்தான்.

"மூணு மணிக்கு மூவார் பஸ் இருக்கு. அதுல போய் மாறினா ராத்திரிக்குள்ள சிங்கப்பூரு," என்றான். "நீங்க சொன்னதுதான் சரி அண்ணே. நாம வீட்டு ரேடியோக்காரங்க. என்னால கடைப் பேரும் கெட்டுச்சு."

"இன்னிக்கேவா?" என்று மட்டும்தான் அண்ணனால் கேட்க முடிந்தது.

வாக்கு வாக்குதானே என்றான் தம்பி. குரலில் குத்தல் எதுவும் இல்லை. நண்பர்கள் இரண்டு பேரிடம் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று வெளியே போனான்.

பின்கட்டிலிருந்து உளி தட்டுகிற சத்தம் வந்தது. கலியாணசுந்தரம் போய்ப் பார்த்தால் கமலவேணி சிமெந்துத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கைவண்டியோடு திடலிலிருந்து திரும்பியிருந்த கருகிய டப்பியைப் பிளந்து, உறைந்த கீலை உடைத்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் கரி. எண்ணிக்கையில் எந்த இடத்தில் தப்பினேன் என்று பார்க்க வேண்டும், தம்பி போவதற்குள் அது நான் செய்த பிழை என்று சொல்லிவிட வேண்டும் என்றாள். அழுதிருந்தாள்.

அவர் தடுக்க வாயெடுப்பதற்குள் சுருள் வெளியே வந்துவிட்டது. அவள் அதைத் துணியால் துடைத்தாள். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

"இது நான் சுத்தினது இல்லைங்க," என்றாள்.

சுருளை அவர் பக்கம் நீட்டினாள்.

"நான் அடுக்குக்கு அடுக்கு வெச்சது பட்டக் காகிதம். கெட்டித் தாளு கிடைக்கலைன்னு தம்பி பட்டம் விக்கிற மலாய்க்கார மக்சிக்கிட்ட வாங்கியாந்தாரு. இதுல கெட்டித் தாளு இருக்கு. கம்பியைப் பாருங்க, எவ்வளவு நேரா அடுக்கியிருக்கு. கம்பெனி மிசின்ல சுத்தினது. என் கை இவ்வளவு நேராச் சுத்தாதுங்க."

அதற்குப் பிறகும் மறைக்க அவரால் முடியவில்லை. பலகை அடுக்கின் பின்னால் கையை விட்டு, காலையில் ஒளித்துவைத்ததை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார். ஏன் செய்தேன் என்பதையும் சொன்னார். நல்லதுக்கு என்றுதான் நினைத்தேன் என்று சொல்லும்போது அவருக்கே அது அசிங்கமாகக் கேட்டது.

கமலவேணி டப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தம்பி மேல உங்களுக்கு உசுரு. அது எனக்குத் தெரியும்," என்றாள். "ஆனா அவரு வேலை மேல ஒரு நாளும் நம்பிக்கை வெக்கல. என் கை மேலயும் வெக்கல. போறதுக்குள்ள உங்க வாயாலயே சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா அண்ணன் தம்பிக்குள்ள அது கோள் ஆயிடும்."

சொல்கிறேன் என்றார் அவர். உண்மையாகவே சொல்லத்தான் நினைத்தார்.

ஜெயபாலனுக்குக் கை கட்டுப்போட்டிருந்ததால் அண்ணிதான் பெட்டி கட்டினாள். சட்டைகள், சோப்பு, ஒரு பாட்டில் ஊறுகாய், வழிக்குச் சோற்றுப் பொட்டலம். அவன் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டபோது, உங்க அண்ணன் உங்ககிட்ட ஒன்று பேசணுமாம், பொறுமையாகக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

ஆற்றோரத்து பஸ் நிலையம்வரை கலியாணசுந்தரம் பெட்டியைத் தன் தோளில் சுமந்தார். வழி நெடுக வாய்க்குள்ளேயே வார்த்தைகளை அடுக்கினார். தோரணத்துக்குக் கீழே அடுக்கினார், பாலத்தின்மேல் அடுக்கினார். பஸ் வந்து நின்றது. பெட்டியைக் கூரைமேல் ஏற்றினார்கள்.

"ஜெயபாலா," என்றார்.

"அண்ணி சொன்னாங்க, ஏதோ பேசணும்னு. நான் மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன் அண்ணே, அப்புறம் நீங்க சொல்லுங்க." தம்பி கட்டுப்போட்ட கையை மற்றக் கையில் ஏந்திக்கொண்டிருந்தான். "ஊருக்கு முன்னால மானம் போனது போனதுதான். ஆனா காலையில நீங்க சொன்னீங்க பாருங்க, நீ செஞ்சதுதான, நிக்கும்னு. நானே பயந்து நின்னப்ப நீங்க பயப்படல. அது போதும் எனக்கு. அத வெச்சுக்கிட்டே எங்க வேணாலும் பொழச்சுக்குவேன்."

கலியாணசுந்தரம் பஸ் கூரைமேல் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

இப்போது சொன்னால் அவன் டிரான்ஸ்பார்மர் கெடவில்லை என்று தெரியும். கூடவே அண்ணன் சொன்ன அந்த ஒரு வாக்கியம் பொய் என்றும் தெரியும். ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றைப் பிடுங்க வேண்டும். நல்ல மனிதர் மறுபடியும் தம்பிக்கு எது நல்லது என்று தானே முடிவு செய்யத் தொடங்கிவிட்டார். கண்டக்டர் மணி அடித்தான்.

"நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல. கையை நனைக்காத," என்றார். "போய்ச் சேர்ந்ததும் கடுதாசி போடு."

பஸ் போய்விட்டது. அவர் உடனே வீட்டுக்குப் போகவில்லை. ஆற்றங்கரையில் படகுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாப் படகிலும் புதுக்கொடி. சிங்கப்பூருக்கு நாமே ஒரு நடை போய் ஆற அமர உட்காரவைத்துச் சொல்லிவிடலாம் என்று ஒரு சமாதானம் தோன்றியது. கடிதம் எழுதலாம் என்று இன்னொன்று தோன்றியது. ஆறு மணி வாக்கில் எழுந்து நடந்தார்.

பின்கட்டில் விளக்குகள் எரிந்தன. ஜெயபாலன் சோதனைக்கு வைத்திருந்த பலகையில் வரிசையாகப் பன்னிரண்டு பல்புகளையும் போட்டு, அவன் செய்த டிரான்ஸ்பார்மரைப் பூட்டி ஓடவிட்டிருந்தாள் கமலவேணி. எட்டுக் குழாயின் பாரத்தைவிட இது கூடுதல். பஸ்ஸுக்கு அவர்கள் கிளம்பியதிலிருந்து ஓடுகிறது என்றாள்.

கலியாணசுந்தரம் கை வைத்தார். சுட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் சுட்ட அளவுதான் சுட்டது, ஒரு இம்மிகூட ஏறவில்லை. கையை எடுக்க மனமில்லாமல் வைத்துக்கொண்டே நின்றார்.

"சொன்னீங்களா?" என்று கேட்டாள் அவள்.

அவர் கையை எடுத்தார். "சொல்ல முடியல வேணி."

கோபத்தில் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் மெல்ல அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கண்டிப்பாச் சொல்லிடுவீங்கன்னு நம்பினேன்," என்றாள். "அதனால அந்தக் கருகுன சுருளைத் துணியில சுத்தித் தம்பி பெட்டியில சட்டைக்கு அடியில வெச்சுட்டேன். நீங்க சொல்லக் கேட்டது நெசம்னு அவரு கண்ணாலயும் பாத்துக்கட்டும்னு வெச்சேன். பிரிச்சதும் தெரிஞ்சுடும், யாரு சுத்தினதுன்னு."

வெளியே சாலையில் பிள்ளைகள் பட்டாசு வெடித்தார்கள். பஸ்ஸைப் படகில் ஏற்றி ஆற்றைக் கடத்துகிற மூவார் படகுத்துறையைத் தம்பி தாண்டியிருப்பானா, இன்றைக்குக் கூட்டத்தில் பஸ் இன்னும் இக்கரையில்தான் காத்துக் கிடக்குமா என்று கலியாணசுந்தரம் மனசுக்குள் மணியை எண்ணிப் பார்த்தார். ஆணியில் மாட்டிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தானைப் போடாமலே வாசல் பக்கம் நடந்தார்.

"தம்பி பெட்டியைப் பிரிக்கறதுக்குள்ள பிடிச்சுடணும். டாக்சி கிடைக்குமா இன்னிக்கி?" என்று கேட்டார்.

கமலவேணி எழுந்துவந்து பொத்தானைப் போட்டுவிட்டாள்.